வால்மீனின் சினம் யார்மீது?

வானத்தில் வால்மீன் தோன்றினால் வையகத்தில் வேந்தன் வீழ்வான் என்றார்கள். கொள்ளைநோய் வரும் என்றார்கள். பஞ்சம் பரவும் என்றார்கள். பகைவர் படை எல்லை கடக்கும் என்றார்கள். இங்கே தூமகேது என்று பெயரிட்டுச் சாந்தி செய்யச் சொன்னார்கள். மேலை நாட்டிலே, ஆண்டவன் ஓங்கிய சவுக்கு என்று சொல்லி மண்டியிட வைத்தார்கள். பெயர்கள் வேறு, மொழிகள் வேறு, அச்சத்தை விற்றுப் பிழைக்கும் வாணிகம் ஒன்றே.

இந்த வாணிகத்தை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் நகைப்பு மட்டும் அறிவாகிவிடாது. ஏனெனில், வால்மீன் சில வேளைகளில் உண்மையிலேயே சீறுகிறது. நேற்றுவரை பெரிய தொலைநோக்கியிலும் மங்கித் தெரிந்த ஒன்று, இரண்டே நாட்களில் வெறுங்கண்ணுக்குப் புலப்படும் அளவுக்குப் பொங்கி எழுகிறது. ஒரு பக்கத்திலிருந்து ஆவியைக் கக்குகிறது. சில வேளை உடைந்து இரண்டாகிறது. பார்த்தவன் அஞ்சினான் என்றால், அவன் கண்ட காட்சி பொய்யன்று. காட்சிக்குக் கற்பித்த காரணம்தான் பொய். அந்தப் பொய்யை அகற்ற வேண்டுமானால் மெய்யான காரணத்தை எடுத்துக் காட்டியாக வேண்டும். காட்டுவதற்கு மனிதகுலம் ஈராயிரம் ஆண்டுகள் உழைத்தது. அந்த உழைப்பின் வரலாற்றை அறிந்து கொள்வது, பகுத்தறிவுப் பணியில் ஈடுபட்டிருக்கும் இளைஞர் ஒவ்வொருவருக்கும் கடமையாகும்.

அரண்மனைக்குப் பயன்பட்ட மீன்

கி.மு. 44ஆம் ஆண்டு. உரோமாபுரியில் ஜூலியஸ் சீசர் கொலையுண்டான். அவனுடைய வளர்ப்பு மகன் ஆக்டேவியன், அவன் நினைவைப் போற்றி விளையாட்டு விழா நடத்தினான். அந்த நாட்களில் வானிலே ஒரு வால்மீன் தெரிந்தது. வால்மீன் என்றாலே தீக்குறி என்பதுதான் உரோமரின் நெடுநாளைய நம்பிக்கை. ஆனால் இம்முறை பொருள் மாறிற்று. சீசரின் உயிர் வானேறித் தெய்வங்களோடு சேர்ந்துவிட்டதற்கு அதுவே அடையாளம் என்று பரப்பப்பட்டது. நாணயத்திலும் அந்த மீன் பொறிக்கப்பட்டது. தந்தை தெய்வமானால் மகனுடைய தகுதி என்ன? ஆக்டேவியன் அகஸ்டஸ் ஆனான், குடியரசு பேரரசாயிற்று.

நூறு ஆண்டுகள் கழிந்தன. அரியணையில் நீரோ. கி.பி. 64இல் மீண்டும் ஒரு வால்மீன். சோதிடன் பால்பில்லஸ் என்பவன், இத்தகைய குறி தோன்றும்போது மன்னர்கள் நாட்டின் பெரியோர் சிலரைக் கொன்று, தங்கள் தலைக்கு வரும் கேட்டை அவர்கள் தலைக்கு மாற்றிவிடுவது வழக்கம் என்று எடுத்துரைத்தான். நீரோ உயர்குடியினரைக் கொல்வதென்று உறுதி பூண்டான் என வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதி வைத்திருக்கிறார். மூடநம்பிக்கை யாருக்கும் தீங்கு செய்யாத பழைய வழக்கம்தானே என்று கூறும் நண்பர்கள், இந்த நிகழ்ச்சியை நினைவில் வைக்க வேண்டும்.

அதே நீரோவின் ஆசிரியராகவும் அமைச்சராகவும் இருந்தவர் செனக்கா. இயற்கை பற்றி அவர் எழுதிய நூலில் ஒரு முழுப் பகுதி வால்மீன்களுக்கு உரியது. அவை திடீர்த் தீப்பிழம்புகள் அல்ல, இயற்கையின் நிலைத்த படைப்புகளே என்றும், அவற்றின் வழியையும் தன்மையையும் ஆராய்ந்து சொல்லும் ஒருவர் என்றாவது வருவார் என்றும், இவ்வளவு எளிய உண்மையை நாம் அறியாதிருந்தோமே என்று பின்வரும் தலைமுறை வியக்கும் என்றும் அவர் எழுதினார். கி.பி. 65இல், சதியில் பங்கு கொண்டார் என்ற குற்றச்சாட்டின்பேரில், நீரோவின் ஆணையால் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொள்ள நேர்ந்தது. சோதிடன் சொல் ஏறிய அவையிலே சிந்தனையாளன் உயிர் நிலைக்கவில்லை.

இனி 1066. ஹாலி வால்மீன் என்று நாம் இன்று அழைக்கும் அதே மீன், அவ்வாண்டின் இளவேனிலில் இங்கிலாந்து வானில் தெரிந்தது. அக்டோபரில் ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் மன்னன் ஹெரால்டு மாண்டான். நார்மண்டியின் வில்லியம் முடி சூடினான். இந்த வரலாற்றைத் தையலாகத் தீட்டிய பேயூ திரைச்சீலையில், வால்மீனை அண்ணாந்து பார்த்து நடுங்கும் மக்களையும் காணலாம். ஹெரால்டுக்குத் தீக்குறி என்றால் வில்லியமுக்கு நற்குறிதானே? ஒரே மீன், ஒரே வானம். தோற்றவனுக்குச் சாபம், வென்றவனுக்கு வாழ்த்து! முடிவு தெரிந்த பிறகு பொருள் எழுதும் ஏடு எந்நாளும் பொய்த்துப் போகாது. அதனாலேயே அதற்கு மதிப்பும் கிடையாது.

பெரியோர் பிழையும் பிழையே

வால்மீன் எங்கே இருக்கிறது? முதற்கேள்வி இதுதான். பூமியிலிருந்து எழும் வறண்ட ஆவிகள் மேலே சென்று பற்றி எரிவதே வால்மீன் என்றார் அரிஸ்டாட்டில். ஆகவே அது நிலவுக்குக் கீழே, நம் காற்று மண்டலத்தின் செய்தி. ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகள் இதுவே பாடம். அரிஸ்டாட்டில் சொன்னால் போதும், அளந்து பார்க்கத் தேவையில்லை என்பதே பள்ளிகளின் நிலை.

1577இல் பெரியதொரு வால்மீன் தோன்றியது. டென்மார்க்கின் வென் தீவிலிருந்த டைக்கோ பிராகி அளந்து பார்த்தார். அவர் கையாண்ட முறை எளியது. முகத்துக்கு நேரே விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, பின் மறு கண்ணை மூடிப் பார்த்தால் விரல் இடம் மாறுவதுபோல் தெரியும். தொலைவிலுள்ள பனைமரமோ அவ்வளவு மாறாது. அதுபோல், வென் தீவிலும் பிராகா நகரிலும் இருந்து ஒரே நேரத்தில் பார்த்தால் நிலவு, விண்மீன்களின் நடுவே சற்று இடம் மாறித் தெரிகிறது. வால்மீனோ அவ்வாறு மாறவில்லை. ஆகவே அது நிலவுக்கும் அப்பால் உள்ளது! ஒரு கோணத்தை அளந்ததாலே ஈராயிரம் ஆண்டுப் பாடம் சரிந்தது.

இங்கே, நமக்கு இனிப்பாக இராத ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். 1618இல் தோன்றிய வால்மீன்களைப் பற்றி, ஒராசியோ கிராசி என்னும் ஏசு சபைப் பாதிரியார், டைக்கோவின் வழியே நின்று, அவை நிலவுக்கு அப்பாற்பட்டவை என்றார். அவரை மறுத்து 1623இல் நூல் எழுதியவர் யார் தெரியுமா? கலீலியோ! வால்மீன் ஒரு பொருளே அல்லாமல், மேலெழுந்த ஆவியில் கதிரவன் ஒளி பட்டுத் தோன்றும் தோற்றமாக இருக்கலாம் என்பது அவர் வாதம். அந்த நூலின் ஆராய்ச்சி முறை புகழ்பெற்றது. ஆனால் வால்மீன் பற்றிய முடிவு பிழை. இந்த வழக்கில் பாதிரியார் பக்கமே உண்மை இருந்தது. மத மன்றத்தின் முன் நிறுத்தப்பட்ட கலீலியோவை நாம் போற்றுகிறோம்; போற்ற வேண்டும். அதற்காக அவர் பிழையையும் சேர்த்துப் போற்றினால், அரிஸ்டாட்டிலைப் பூசித்தவர்களுக்கும் நமக்கும் வேற்றுமை ஏது?

ஏட்டால் போரிட்டவரும் எண்ணால் வென்றவரும்

1680இல் மாபெரும் வால்மீன் ஒன்று ஐரோப்பாவை அச்சுறுத்தியது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் பியேர் பேல், 1682இல் தம் பெயரைக் கூறாமல் ஒரு நூல் வெளியிட்டார். வால்மீன் வந்த ஆண்டுகளில் கேடு நிகழ்ந்தது என்கிறீர்களே, வராத ஆண்டுகளில் கேடு நிகழவில்லையா என்று கேட்டார். பலர் நம்புகிறார்கள், நெடுநாள் நம்புகிறார்கள் என்பது ஒரு கருத்தை உண்மையாக்கிவிடாது என்றார். அதற்கும் மேலே சென்று, கடவுளை நம்பாத சமுதாயமும் ஒழுக்கத்தோடு வாழ முடியும் என்று வாதிட்டார். அந்தக் காலத்தில் அப்படி எழுதுவதற்கு எத்தகைய நெஞ்சுரம் வேண்டும்! 1693இல் ராட்டர்டாம் நகரில் அவர் வகித்த ஆசிரியப் பதவி பறிக்கப்பட்டது.

பேல் அச்சத்தின் வேரை வெட்டினார். ஆனால் வால்மீன் எது என்று அவரால் சொல்ல இயலவில்லை. அந்த இடத்தை நிரப்பியது கணக்கு. நியூட்டன் கண்ட ஈர்ப்பு விதியைக் கொண்டு, எட்மண்டு ஹாலி 1705இல் இருபத்து நான்கு வால்மீன்களின் வழிகளைக் கணித்து வெளியிட்டார். 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் வந்தவை ஒன்றே என்று கண்டு, 1758 வாக்கில் அது மீளும் என்றார். 1742இல் அவர் மறைந்தார்; அவர் சொல் மறையவில்லை.

வியாழனும் சனியும் அந்த மீனை இழுத்துக் காலம் தாழ்த்தும். எவ்வளவு தாழ்த்தும்? பாரீசில் கிளேரோ, லாலாந்து, நிக்கோல்-ரெய்ன் லெபோத் என்னும் பெண்மணி ஆகிய மூவரும் மாதக்கணக்கில் அமர்ந்து இந்தக் கணக்கைச் செய்தனர். கதிரவனை அது நெருங்கும் நாள் 1759 ஏப்ரல் நடுவே, ஒரு மாதம் முன்பின்னாக இருக்கலாம் என்றனர். 1758ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, டிரெஸ்டன் நகருக்கு அருகே, தானே கற்று வானியல் தேர்ந்த ஓர் உழவர், யோஹான் கியார்க் பாலிட்ச், அதை முதலில் கண்டார். 1759 மார்ச் 13இல் அது கதிரவனை நெருங்கிச் சென்றது. குறித்த எல்லைக்குள்ளேயே வந்து சேர்ந்தது!

ஏர் பிடித்த கை, எண்ணிக் கணித்த பெண், இவ்விருவரையும் வரலாறு எப்படி நடத்திற்று? உழவரின் பெயர் நிலைத்தது. லெபோத்தின் பெயரையோ, கிளேரோ பின்னர் வெளியிட்ட தம் நூலில் குறிக்காமல் விட்டார். லாலாந்து மட்டும் அவர் உழைப்பை வெளிப்படையாகப் போற்றினார். கோள்களின் இழுப்பைக் கணித்த அறிவாளிக்கும், பெண்ணின் பங்கை ஒப்புக்கொள்ளும் நேர்மை எளிதில் வரவில்லை. மூடநம்பிக்கை வானத்தைப் பற்றி மட்டும் இருப்பதில்லை.

வழி தெரிந்தது, சீற்றம் தெரியவில்லை

வால்மீன் எப்போது வரும் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் வந்தபின் என்ன செய்யும் என்பது தெரியவில்லை. 1835இல் ஹாலி மீன் திரும்ப வந்தபோது, கோனிக்ஸ்பெர்க்கில் இருந்த பெஸ்ஸல், அதன் தலையிலிருந்து கதிரவன் பக்கமாக விசிறிபோல் ஆவி பீறிடுவதைக் கண்டார். அப்படிப் பீறிட்டால் மீன் எதிர்ப்பக்கம் உந்தப்படுமே என்றும் சிந்தித்தார்.

என்கே என்பார் ஆராய்ந்த வேறொரு வால்மீன், மூன்றேகால் ஆண்டுக்கு ஒருமுறை கதிரவனைச் சுற்றுவது. ஒவ்வொரு சுற்றிலும் அது கணக்குக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் முன்னதாக வந்தது. ஆண்டுக்கணக்கான பயணத்தில் இரண்டரை மணி ஒரு பொருட்டா என்று அவர் விட்டுவிடவில்லை. வான்வெளியில் ஏதோ ஓர் ஊடகம் தடை செய்கிறது என்று காரணம் கற்பித்தார். காரணம் பிழை. ஆனால் அவர் காத்து வைத்த அந்த இரண்டரை மணி, நூறாண்டுக்குப் பின் ஒரு திறவுகோலாயிற்று.

1846இல் பீலா வால்மீன் இரண்டாகப் பிளந்திருக்கக் கண்டனர். 1852இல் இரண்டும் வந்தன. அதன்பின் அந்த வால்மீனை எவரும் காணவில்லை. 1872 நவம்பர் 27 இரவு, அதன் வழியைப் பூமி கடந்தபோது எரிமீன்கள் மழையாகப் பொழிந்தன. என்றும் அழியாத வானுலகம் என்று போற்றப்பட்டதே, அந்த வானுலகப் பொருள் ஒன்று மக்கள் கண்ணெதிரே சிதைந்து மாய்ந்தது.

1892 நவம்பர் 6 இரவு, இலண்டனில் எட்வின் ஹோம்ஸ் என்பவர் ஆண்ட்ரோமெடா ஒண்முகிலைப் பார்க்கத் தொலைநோக்கியைத் திருப்பினார். அதன் அருகே முன்னர் இல்லாத ஒளி! கதிரவனை நெருங்கி ஐந்து திங்கள் கழித்து, அதாவது விலகிச் செல்லும் வேளையில், வெடித்துப் பொங்கிய வால்மீன் அது. மங்கி மறைய இருந்தது, 1893 சனவரியில் மறுபடி பொங்கியது. நெருப்பை நெருங்கும்போது கொதிக்கலாம். விலகும்போது கொதிப்பானேன்? இந்தக் கேள்விக்கு அன்று விடையில்லை.

விடையில்லாத இடம் எதுவோ அங்கே அச்சம் குடியேறும். 1910இல் அது அறிவியலின் ஆடையையே உடுத்தி வந்தது. ஹாலி மீனின் ஒளியைப் பகுத்துப் பார்த்த வான நூலார், அதில் சயனோஜன் என்னும் நச்சு வளி இருப்பதைக் கண்டனர். அவ்வாண்டு மே மாதம் பூமி அதன் வாலினூடே செல்லக்கூடும் என்பதும் தெரிந்தது. நச்சு வளி உலகத்து உயிர்களை மாய்த்துவிடக்கூடும் என்று பிரெஞ்சு வான நூலார் பிளமாரியோன் கருதுவதாக ஏடுகள் எழுதின. அந்த வால், நம் ஆய்வுக்கூடங்களில் உண்டாக்கும் வெற்றிடத்தைக் காட்டிலும் மெல்லியது என்று மற்ற அறிஞர் எடுத்துரைத்தது, கூச்சலில் அமுங்கிற்று. வால்மீன் மாத்திரை விற்றவர்கள் காசு பார்த்தார்கள். பூமி தன் வழியே சென்றது; உயிர் ஒன்றும் மாயவில்லை. சாந்தி செய்யச் சொன்ன புரோகிதனுக்கும் மாத்திரை விற்ற வணிகனுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு.

பனியும் தூசும்

1950இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வான ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிரெட் விப்பிள் விடையின் கதவைத் திறந்தார். அதே கூடத்தில்தான், அதற்கு முந்தைய ஆண்டு, சென்னையில் பிறந்த வைணு பாப்பு மாணவராக இருந்தபோது ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். பாப்பு-பாக்-நியூகிர்க் என அதற்குப் பெயர். பிற்காலத்தில் கொடைக்கானல் ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை ஏற்று, சவ்வாது மலையில் காவலூர் வான ஆய்வு நிலையத்தை உருவாக்கியவர் அவரே.

அந்நாளில் வால்மீனை, பறக்கும் மணல் திரளாகவே பலர் கருதினர். விப்பிளோ, அதன் நடுவே ஒரு திண்ணிய கரு உண்டு, அது தூசு கலந்த பனிக்கட்டி என்றார். அழுக்குப் பனிப்பந்து என்ற பெயர் அதற்கு நிலைத்தது. பெட்டிக்குள் துணியோடு வைத்த அந்துருண்டை நீராக உருகாமலே தேய்ந்து மறைகிறது, கற்பூரமும் அவ்வாறே. திண்மம் நேரே ஆவியாகும் இம்மாற்றத்தைப் பதங்கமாதல் என்பர். காற்றழுத்தம் இல்லாத வான்வெளியில் பனிக்கட்டிக்கும் இதே கதி. கதிரவனிடமிருந்து ஏறத்தாழ 45 கோடி கிலோமீட்டருக்குள் வந்ததும், பனி பெருமளவில் ஆவியாகத் தொடங்குகிறது. ஆவி தூசையும் அள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. அதுவே தலை, அதுவே வால்.

என்கேயின் இரண்டரை மணிக்கும் விடை கிடைத்தது. கரு தன்னைத்தானே சுற்றுகிறது. வெயில் பட்ட முகம் சூடேறி ஆவி கக்கச் சற்றுக் காலம் ஆகிறது. அதற்குள் அந்த முகம் திரும்பிவிடுகிறது. ஆகவே உந்துதல் நேர்ப்பின்னே இராமல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. சுழலும் திசைக்கேற்ப மீன் விரைகிறது அல்லது தாழ்கிறது. வாணத்தை மேலே தள்ளும் விசையும் இதுவும் ஒன்றே.

1986 மார்ச்சில் ஹாலி மீன் வந்தபோது, சோவியத்தின் இரு வேகா ஓடங்களும், ஐரோப்பாவின் ஜியோட்டோவும் எதிர்கொண்டு சென்றன. ஜியோட்டோ அறுநூறு கிலோமீட்டர் அருகில் கடந்து படம் எடுத்தது. பதினைந்து கிலோமீட்டர் நீளமுள்ள கரு ஒன்று உண்மையிலேயே இருந்தது. ஆனால் அது வெண்பனியாக இல்லை. கரியைப்போல் கறுத்து, தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கையே திருப்பியது. மேலே தூசுத் தோல். வெயில் படும் பக்கத்தில் சில இடங்களிலிருந்து மட்டும் பீறிடும் ஆவி. விப்பிள் கூறியதன் அடிப்படை நின்றது. பனியைவிடத் தூசின் பங்கு பெரிது என்ற திருத்தம் சேர்ந்தது. திருத்தத்தை ஏற்பது அறிவியலுக்கு இழுக்கன்று. அதுவே அதன் வலிமை.

சரிந்த பாறையும் பொங்கிய பனியும்

1969இல் சோவியத் நாட்டின் கிளிம் சுரியூமோவும் சுவெத்லானா கெராசிமென்கோவும் கண்ட வால்மீனை நோக்கி, ஐரோப்பிய ஓடமான ரோசெட்டா 2004இல் புறப்பட்டது. பத்தாண்டுப் பயணத்துக்குப் பின் 2014 ஆகஸ்டில் சென்று சேர்ந்து, ஈராண்டுக் காலம் அதன் உடன் சென்றது. ஒரு வால்மீன் உறங்குவதையும் விழிப்பதையும் சீறுவதையும் அருகிருந்து பார்த்தது அதுவே முதன்முறை. 2015 ஆகஸ்டில் அது கதிரவனை நெருங்கிய காலத்தை ஒட்டிய மூன்று திங்களில் மட்டும் 34 சீற்றங்கள் படமாயின.

அவற்றுள் ஒன்றின் காரணம் கையும் களவுமாகப் பிடிபட்டது. அசுவான் என்று பெயரிடப்பட்ட செங்குத்தான பாறைமுகம் ஒன்றின் விளிம்பில், எழுபது மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள பிளவு, 2014 செப்டம்பர்ப் படங்களிலேயே தெரிந்தது. 2015 சூலை 10இல் அந்தத் திசையிலிருந்து தூசுப்படலம் சீறிக் கிளம்பியது. ஐந்து நாள் கழித்து எடுத்த படத்தில் அந்த விளிம்பைக் காணோம்! பாறைமுகம் சரிந்து, உள்ளே மறைந்திருந்த வெண்பனி பளிச்சென்று தெரிந்தது. பகலின் சூடும் இரவின் குளிரும் மாறி மாறித் தாக்கியதால் விரிசல் பெருகி, விளிம்பு இடிந்தது. இடிந்த தூசு பொங்கியது. மழைக்காலத்து மலைப்பாதையில் மண் சரிவதுபோன்ற நிகழ்ச்சி. அதில் எந்த மன்னனின் விதி எழுதியிருந்தது?

எல்லாச் சீற்றமும் சரிவினால் வருவன அல்ல. 2007 அக்டோபரில், ஹோம்ஸின் அதே வால்மீன், 115 ஆண்டுக்குப் பின், முன்னைவிடப் பெரிதாக வெடித்தது. ஏறத்தாழ 42 மணி நேரத்தில் அதன் ஒளி ஐந்து லட்சம் மடங்கு பெருகியது. மூன்றரைக் கிலோமீட்டர் அளவுள்ள கரு கக்கிய தூசுக்கோளம், அடுத்த மாதத்தில் கதிரவனின் விட்டத்தையும் விஞ்சியது. இம்முறையும் கதிரவனை நெருங்கி ஐந்து திங்களுக்கு மேல் கழித்தே வெடித்தது.

விலகும்போது ஏன்? நம் ஊர்க் கோடையை நினைத்துப் பாருங்கள். பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டைமாடித் தளம், கதிரவன் மறைந்த பிறகுதான் அறைக்குள் வெப்பத்தை இறக்குகிறது. வால்மீனின் தூசுத்தோல் அதைக் காட்டிலும் மந்தமாக வெப்பத்தைக் கடத்துகிறது. மேலே விழுந்த வெப்பம் ஆழத்தை அடையத் திங்கள் பல ஆகின்றன.

ஆழத்தில் என்ன இருக்கிறது? பெருங்குளிரில் உறைந்த நீர், ஒழுங்கான படிகமாக அமையாமல், அணுத்திரள்கள் கண்டபடி சிக்கிய நிலையில் கட்டியாகிறது. அந்தச் சிக்கலுக்குள் கார்பன் மோனாக்சைடு போன்ற வளிகளும் அகப்பட்டுக் கிடக்கும். வெப்பம் சுழிக்குக் கீழே 150 முதல் 130 பாகை அளவை எட்டும்போது, அந்தப் பனி தன்னை ஒழுங்குபடுத்திக் கொண்டு படிகமாகிறது. அப்போது தானே வெப்பத்தை வெளியிடுகிறது. சிறைப்பட்ட வளியையும் விடுவிக்கிறது. அந்த வெப்பம் அடுத்த அடுக்கைத் தூண்டுகிறது. வளி வெளியேற வழியின்றி, மூடிய தோலின் கீழ் அழுத்தம் ஏறி, ஒருநாள் தோலைப் பிய்த்துக்கொண்டு கிளம்புகிறது. ஹோம்ஸ் மீனின் வெடிப்புக்கு அறிஞர் பலர் கூறும் விளக்கம் இது.

1927இல் செருமனியின் ஹாம்பர்க்கு ஆய்வுக்கூடத்தில் ஷுவாஸ்மன், வாக்மன் என்னும் இருவர் கண்ட வால்மீன் இன்னும் புதுமையானது. வியாழனுக்கும் அப்பால், கதிரவனிலிருந்து ஏறத்தாழ 90 கோடி கிலோமீட்டரில், கிட்டத்தட்ட வட்ட வழியில் சுற்றுவது. அங்கே நீர்ப்பனி ஆவியாக முடியாது. ஆயினும் ஆண்டுக்குச் சராசரியாக ஏழு முறை அது சீறுகிறது. 1994இல் அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளிவருவது கண்டறியப்பட்டது. அந்த வளி, நீர் உறைந்து கிடக்கும் கடுங்குளிரிலும் ஆவியாக வல்லது. அந்தச் சீற்றங்களைத் தொடங்கி வைக்கும் பொறி எது என்பது இன்றும் ஆராய்ச்சியில் இருக்கிறது. உடனே, 'பார்த்தீர்களா, உங்கள் அறிவியலுக்கும் தெரியவில்லை' என்று ஒருவர் குதிப்பார். தெரியாததைத் தெரியாது என்று எழுதி வைத்து, அளந்துகொண்டே இருப்பதுதான் அறிவியல். தெரியாத இடத்தில் ஒரு தெய்வத்தை உட்கார்த்தி வைத்துத் தட்டு நீட்டுவது வேறு தொழில்.

நம் கையிலும் பொய் வேண்டாம்

முடிக்குமுன் ஒரு செய்தி. 1456இல் ஹாலி மீன் தோன்றியபோது, போப்பாண்டவர் மூன்றாம் கலிக்ஸ்டஸ் அதைச் சபித்து, மதத்தினின்றும் விலக்கி ஆணை பிறப்பித்தார் என்றொரு கதை உண்டு. வால்மீனை மதவிலக்கம் செய்த மடமை என்று எண்ணிறந்த நூல்கள் இதை எழுதின. பேரறிஞர் லாப்லாசும், வால்மீனையும் துருக்கரையும் ஓட்டுவதற்குப் போப் மந்திரம் ஓதச் செய்தார் என்ற அளவில் இதைச் சொன்னார். மேடையில் சொன்னால் கைதட்டல் உறுதி. ஆனால் அப்படி ஓர் ஆணை இல்லை! அவ்வாண்டு சூன் 29இல் போப் வெளியிட்ட ஆணை, பெல்கிரேடை நோக்கி வந்த துருக்கர் படைக்கு எதிராக மணியடித்து வழிபடச் சொல்வது. அதில் வால்மீன் என்ற பேச்சே கிடையாது. பிற்காலத்து எழுத்தாளர் ஒருவர் இரண்டையும் சேர்த்து எழுத, அடுத்தடுத்து எழுதியவர்கள் கண்ணும் காதும் வைத்து வளர்த்தார்கள்.

தோழர்களே, இந்தக் கதை நமக்கு இனிக்கும். இனிக்கிறது என்பதாலேயே இதை இருமுறை ஆராய வேண்டும். புராணப் புரட்டைத் தோலுரிக்கும் நாம், நம் பக்கத்துக்கு வாய்ப்பான புரட்டைத் தோளில் சுமக்கலாமா? எதிராளி ஒருநாள் அதை எடுத்துக் காட்டினால், நாம் சொன்ன ஆயிரம் மெய்யும் அந்த ஒரு பொய்யோடு சேர்ந்து விழும். நீரோவின் சோதிடனைக் கண்டிக்க உண்மை போதும். ஹெரால்டின் மீனைப் பற்றிச் சொல்ல உண்மை போதும். கட்டுக்கதையின் துணை பகுத்தறிவுக்கு வேண்டுவதில்லை.

அச்சம் வேண்டா என்பதற்காக, வால்மீன் எந்நாளும் தீங்கற்றது என்று சொல்வதும் தவறு. 1992இல் வியாழனின் இழுப்பால் நொறுங்கிய ஒரு வால்மீன், 1994 சூலையில் துண்டு துண்டாக அக்கோளின்மீதே மோதியதை உலகம் கண்டது. மோதல் நிகழக்கூடியது. அதை முன்னறிந்து சொல்வது கணக்கும் தொலைநோக்கியும். யாகமும் எலுமிச்சம்பழமும் அல்ல.

ஹாலி மீன் 2061இல் மறுபடி வரும். இன்று பள்ளியில் படிக்கும் சிறுவரும் சிறுமியரும் அன்று நடுவயதினராய் இருப்பர். அவர்களுக்கு அருகிலும் யாரேனும் ஒருவர் வந்து, வானத்தைக் காட்டிப் பரிகாரம் சொல்லக் கூடும். அப்போது அந்தப் பிள்ளைகள், அது தூசு படிந்த பனிக்கட்டி, வெயில் பட்டால் ஆவியாகும், அழுத்தம் மிகுந்தால் சீறும், அதன் சினத்துக்கு ஆளாவது அதன் தோல் ஒன்றுதான் என்று எடுத்துச் சொல்லும் தெளிவோடு நிற்க வேண்டும். அந்தத் தெளிவை இன்றே அவர்களிடம் சேர்க்க வேண்டியது நம் கடமை. ஊர்தோறும் உள்ள படிப்பகத்தில் ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். இரண்டு அந்துருண்டையும் ஒரு விளக்கும் இருந்தால் பாடம் தொடங்கிவிடலாம்.